‘நல்ல முயற்சி’ என்று எழுதாமல் ஆறு நாள்

முதல் நாள், பேராதனை

புறக்கோட்டையில் விடிய 5 மணிக்குக் கண்டி பஸ் ஏறினேன். பையில் இரண்டு சட்டை, ஒரு ஸ்வெட்டர், சித்தாலேப டப்பி, போன வருடத்துக் கொப்பி ஒன்று. கடுகண்ணாவ ஏற்றத்தில் பஸ் முனக ஆரம்பித்ததும் கொப்பியைப் புரட்டினேன். எல்லாம் சின்ன நாடகங்களைப் பார்த்து எழுதிய குறிப்புகள். பள்ளிக்கூட மண்டபத்தில், கோயில் வாசலில், மூன்று பேர் நடித்து முப்பது பேர் பார்த்தவை. உச்சிக்கு வருவதற்குள் எண்ணி முடித்துவிட்டேன். ‘நல்ல முயற்சி’ 14 இடத்தில். ‘பாராட்டத்தக்கது’ 9 இடத்தில்.

வெட்கமாகப் போய்விட்டது. பெரிய மண்டபத்தில் டிக்கட் போட்டு ஆடுகிறவனிடம் யாரும் ‘நல்ல முயற்சி’ என்று சொல்வதில்லை. ஒன்றில் தலையில் தூக்கி வைப்போம், இல்லாவிட்டால் கிழிப்போம். சின்ன நாடகக்காரனுக்கு மட்டும் இந்தச் சொல். வீட்டுக்கு வந்த ஏழைச் சொந்தக்காரனை வாசல் இஸ்தோப்பிலேயே இருத்தி, ஒரு தேத்தண்ணியோடு அனுப்பிவிடுகிற மாதிரி. இந்த முறை மலைநாட்டில் எதைப் பார்த்தாலும் அந்தச் சொல்லை எழுதுவதில்லை என்று முடிவு. முடியுமா, பார்ப்போம்.

பேராதனையில் இறங்கியது நாடகம் பார்க்க இல்லை, இடம் பார்க்க. பல்கலைக்கழகத்துத் திறந்தவெளி அரங்கைச் சிங்களத்தில் ‘வள’ என்பார்கள். குழி என்று பொருள். சரிவில் படிகள், மேலே மரங்கள், படிகளில் நிறையச் சருகு. மேடை நடுவில் ஒரு நாய் படுத்திருந்தது, எனக்காக எழும்பவில்லை. சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திரவின் ‘சிங்கபாகு’ 1961இல் இங்கேதான் ஏறியது. மறு வருடம் இதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ செய்தார். பிறகு ‘நொண்டி நாடகம்’, 1964இல் ‘இராவணேசன்’, 1967இல் ‘வாலிவதை’. மட்டக்களப்பில் விடிய விடிய ஆடுகிற கூத்தை மேடைக்கு ஏற்றபடி சுருக்கினார். சுற்றிவர ஆள் இருந்து பார்க்கிற வட்டக்களரி ஆட்டத்தை, ஒரு பக்கம் மட்டும் பார்க்கிற மேடைக்குத் திருப்பினார். படித்தவர்கள் கூத்தை ஏறெடுத்துப் பார்த்தது அதற்குப் பிறகுதான். மறுக்க முடியாது.

ஆனாலும் அந்தப் படியில் இருந்தபோது ஒரு யோசனை. சுருக்குவதற்கு முன்னால் அந்தக் கூத்தை யார் விமர்சித்தார்கள்? சுற்றிவர இருந்த சனம் ஏதாவது சொல்லியிருக்கும்தானே. என்ன சொன்னது? அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

நாய் எழும்பிப் போனது. நானும் கம்பளை பஸ்ஸுக்குப் போனேன்.

இரண்டாம் நாள், ஹட்டன்

நாவலப்பிட்டி, கினிகத்தேன வழியாக வந்து சேர இரவாகிவிட்டது. காலையில் குளிர் நகத்துக்குள் போனது. பிறந்தது பதுளைப் பக்கத்து லயம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு, என்றாலும் கொழும்பில் இருந்து இருந்து தோல் மறந்துவிட்டது.

ஹட்டனில் நாடகம் பின்னேரம் 3 மணிக்கு. இது தெரியாமல் கொழும்புக்காரர்கள் 6 மணிக்கு வந்து நின்றால் கதவு பூட்டியிருக்கும். தோட்டங்களுக்குப் போகும் கடைசி பஸ் நேரத்தோடு போய்விடும். விட்டால் ஆட்டோவுக்கு ஒரு நாள் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். ஆகவே இங்கே நாடகத்தின் நீளத்தை முடிவு செய்கிறது பஸ்.

இன்றைக்கு 3 மணிக்கும் கதவு பூட்டித்தான் இருந்தது. காலையில் அங்கே கல்யாணம். சாவிக்காரர் சாப்பிடப் போனவர் 4 மணிக்கு வந்தார். மண்டபத்தின் பெயர் எதற்கு? மேடையில் ‘நல்வரவு’ தெர்மோகோல் எழுத்து அப்படியே. கழற்ற நேரமில்லை. அதற்கு முன்னாலேயே ஆடினார்கள்.

நாலு நடிகர், 50 நிமிடம், ஒரே ஒரு பொருள்: கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தொங்கு தராசு. கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு பெண் எடுத்த கொழுந்துக்கும் புத்தகத்தில் விழுகிற கிலோவுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பது. சாக்குக்கு ஒரு கிலோ, தண்ணிக்கு ஒரு கிலோ, முத்தலுக்கு ஒரு கிலோ. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்த பிறகு கிலோக் கணக்கும் சேர்ந்து ஏறியதை ஒரு சண்டைக் காட்சியாக வைத்திருந்தார்கள். கணக்கப்பிள்ளையாக வந்த பையன் எழுதுகிற விதம்! பேனையை நாக்கில் தொட்டு, கொழுந்துக்காரியின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதினான். தராசைப் பார்க்கவே இல்லை. ஒரு சொல் பேசாமல் முழு நாடகத்தையும் அவன் சொல்லிவிட்டான்.

எழுதியவர் அந்தப் பையனை நம்பவில்லை போல. முடிவில் ஒரு பெண் முன்னுக்கு வந்து எங்களைப் பார்த்து ஐந்து நிமிடம் பேசினாள். உரிமை, வியர்வை, 200 வருடம். பின்னால் வயலின் கசெட். சொன்னது எல்லாம் உண்மை. ஆனால் பார்க்க வந்திருந்த 41 பேரில் முக்கால்வாசிப் பேர் காலையில் மலைக்குப் போய் வந்தவர்கள். அவர்களிடம் போய் வியர்வையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? நான் பார்த்தேன், பேச்சு தொடங்கியதும் முன்வரிசையில் இருந்த அக்கா கைப்பையிலிருந்து ரொட்டியை எடுத்துப் பிள்ளைக்குப் பிய்த்துக் கொடுக்க ஆரம்பித்தார். கணக்கப்பிள்ளை எழுதும்போது அதே பிள்ளை அழுதது; அந்த அக்கா திரும்பவில்லை.

இதை முடிந்த பிறகு இயக்கிய தம்பியிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. “அண்ணே, பேச்சு இல்லாட்டி நாடகம் என்ன சொல்லவருதுன்னு கேப்பாங்க.” யார் கேட்பார்கள் என்றேன். “ஒங்கள மாதிரி ஆளுங்கதான்.” பதில் சொல்ல வாய் வரவில்லை.

இந்தப் பேச்சு வியாதிக்கு ஒரு நல்ல பரம்பரையும் இருக்கிறது. சுதந்திரத்துக்கு முன்பே தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசையர் தோட்டத் தொழிலாளியை வைத்து நாடகம் எழுதினார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டாகவே பாடினார். அன்றைக்கு அது சங்கத்துக்கு ஆள் சேர்க்கிற வேலை, பேச்சு வேண்டியிருந்தது. இப்போது மேடைக்கு முன்னால் இருப்பவர்களுக்குப் பேச்சை மனப்பாடமாகவே தெரியும்.

மூன்றாம் நாள், தலவாக்கலை

பஸ்ஸிலிருந்து சென்கிளயர் அருவியைப் பார்த்தேன். 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் தொடங்கிய பிறகு பழைய அருவி இல்லை. ஒரு வெள்ளைத் துணி காயப்போட்ட மாதிரி.

நண்பர் ஒருவர் படிப்பிக்கும் பள்ளிக்கூடம். தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாடக ஒத்திகை. 12, 13 வயதுப் பிள்ளைகள். இடைவேளையில் ஒரு பிள்ளையிடம் அப்பா எங்கே என்று கேட்டேன். “எங்கப்பா பெரட்டுக்குப் போயிட்டு வந்து தூங்குறாரு சேர். நைட்டு ஸ்டோர்ல வேல.” பெரட்டு என்றால் காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கிற இடம். அதே பிள்ளை ஐந்து நிமிடத்தில் மேடையேறிச் சொன்னது: “தந்தையார் பணி நிமித்தம் தேயிலைத் தொழிற்சாலைக்குச் சென்றுள்ளார்.”

லயத்துக் கதை, லயத்துப் பிள்ளை, ஆனால் வீட்டுப் பேச்சு மட்டும் வாசலுக்கு வெளியே. நண்பரைக் குற்றம் சொல்ல முடியாது. “அப்பிடியே பேசவிட்டா உச்சரிப்புக்கு மார்க் வெட்டுறாங்கடா” என்கிறார். பிள்ளைகளுக்கு வேண்டியது சான்றிதழ். அது ஏதோ ஒரு நாள் வேலைக்கு உதவும். நான் ஊர் ஊராகப் போய் பெரட்டு என்று பேசு, மேடையிலும் பேசு என்று சொல்லலாம். எனக்கு மார்க் வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பிள்ளை ‘தூங்குறாரு’ என்றபோது கண்ணைக் கொஞ்சம் மூடிக் காட்டியது. ‘சென்றுள்ளார்’ என்றபோது கை இரண்டும் ஈர்க்குக் கட்டு மாதிரி நேராக நின்றன.

நான்காம் நாள், ஹட்டனில் சும்மா

இன்றைக்கு ஒரு தெருநாடகம் பார்த்து எழுதுவதாக இருந்தது. பஸ் நிலையத்துப் பக்கம், காலை 10 மணி. 1974இல் காமினி ஹத்தொட்டுவேகம தொடக்கிவைத்த சிங்களத் தெரு நாடகத்தின் வழியைப் பார்த்து நம் பிள்ளைகளும் செய்கிறார்கள். நடக்கவில்லை. தப்பு என்கிற பறையை அடிக்கிறவரை ஒரு தோட்டத்துச் சாவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நடிகர்களுக்குக் கோபம். எனக்கு வரவில்லை. ஒரு காலத்தில் தோட்டத்தில் விடிய ஆளை எழுப்பிப் பெரட்டுக்குக் கூட்டியது தப்பு. கல்யாணத்துக்கும் காமன் கூத்துக்கும் அதே தப்பு. சாவுதான் அதற்கு முதல் கடன். தெருநாடகம் நேற்றுப் பிறந்தது. வரிசையில் பின்னால் நிற்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் “எப்ப போடுவாங்க?” என்று கேட்டார். தெருநாடகத்துக்கு அப்படி ஒரு கேள்வி விழுவதே பெரிசு.

பிளேன்டீ மூன்று, வடை இரண்டு. இன்றைய செலவு அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள், மஸ்கெலியாப் பக்கம்

நோர்வுட் தாண்டி மஸ்கெலியா. 1969இல் மவுசாக்கலை அணை வந்தபோது பழைய டவுன் அப்படியே தண்ணீருக்குள் போனது. மாசி வெயிலில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பழைய கோயில் சேற்றுக்கு மேலே தெரிகிறது. பஸ்ஸில் பாதிப் பேர் அந்தப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அங்கிருந்து ஆட்டோவில் ஒரு தோட்டம். தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று வாத்தியார் கேட்டுக்கொண்டார். போன முறை யாரோ எழுதி, வேன் பிடித்து கேமராக்காரர்கள் வந்து ரதியை மறித்து நின்றார்களாம்.

மாசி அமாவாசை கழித்து மூன்றாம் நாள் காமன் கம்பம் நட்டிருக்கிறார்கள். இன்றைக்குப் பௌர்ணமி. போயா விடுமுறை என்பதால் கள்ளுத் தவறணை பூட்டு. நல்லதாகப் போயிற்று என்று பெண்கள் சொன்னார்கள், பூட்டியதாக ஆண்களைப் பார்த்தால் தெரியவில்லை. மலையகத்தில் பெரிய கூத்து மூன்று: காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். அதில் காமன்தான் லயத்து வாசலுக்கே வருகிற கூத்து. ரதியும் அவள் புருஷன் மதனும், காமன்தான் மதன், வரிசை வரிசையாக ஆடிக்கொண்டு போகிறார்கள். ஒவ்வொரு காம்பரா வீட்டுக்கும் முன்னால் ஆட்டம். வீட்டுக்காரர்கள் ரதியின் சேலையில் 100 ரூபாத் தாள் குத்துகிறார்கள். ரதி ஆம்பிளை. காப்புக் கட்டி விரதம் இருக்கிற ஆம்பிளை. காப்புக் கட்டியபின் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

காமன் பொட்டலில் கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சிகளைப் போட்டு எரித்து அதில் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தப்புக்காரர் தோலைக் காதருகே பிடித்து விரலால் சுண்டுவார், தலையாட்டுவார், மறுபடி நெருப்புக்குக் காட்டுவார். பத்துத் தடவை பார்த்தேன். ஒரு கச்சேரிக்காரர் சுருதி சேர்க்கிற அத்தனை பொறுமையும் அந்த மனிதரிடம் இருந்தது. வாத்தியாரின் கையில் சீ.ஆர். கொப்பி ஒன்று, ஷொப்பிங் பையில் சுற்றி. பாட்டு முழுக்க அதில்தான். அவருடைய அப்பாவின் கையெழுத்தில் பாதி, அவருடையதில் மீதி.

நான் சாக்கு விரித்துக் கம்பளி போர்த்தி இருந்த ஒரு பாட்டிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன்.

“தம்பி எந்த தோட்டம்?”

“பதுளப் பக்கம் பாட்டி. இப்ப கொழும்புல.”

“பேப்பர்காரரா?”

“இல்ல, நாடகம் பாத்துட்டு அதப்பத்தி எழுதுவேன்.”

“சம்பளம் உண்டா?”

“இல்ல பாட்டி.”

“அப்ப கைக்காசு வேலகூட இல்ல,” என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார். அன்றைக்கே கையில் காசு கொடுக்கிற வேலையைத் தோட்டத்தில் அப்படிச் சொல்வார்கள். பிறகு இரக்கப்பட்டு இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

9 மணிக்குத் தொடங்கியது. எழுதவேண்டிய குறைகளை எழுதிவிடுகிறேன். மைக் ஒன்றுதான், வயர் நீளம் போதாது. ஆட்டம் முழுக்க அந்த வயரைச் சுற்றியே நடந்தது, மேயக் கட்டிய மாடு மாதிரி. காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் பெட்டியில் சினிமாப் பாட்டுப் போட்டார்கள். கூத்துக்குள் போன மனசைப் பிடித்து வெளியே இழுத்தது. எமன் பகிடி அரை மணித்தியாலம் ஓடியது, கால் மணித்தியாலம் காணும். சிவனுக்கு வயது போய்விட்டது, பாட்டு மறந்தது.

மறந்தபோது நடந்ததுதான் வேடிக்கை. வாத்தியார் கொப்பியைப் பிரிப்பதற்குள் சாக்குகளிலிருந்து மூன்று குரல் அடியை எடுத்துக் கொடுத்தன. ஒன்று என் பாட்டி. பிள்ளையை மடியில் தூங்கவைத்துக்கொண்டு, சிவன் பக்கம் திரும்பாமலேயே. பேராதனைப் படியில் இருந்து நான் கேட்ட கேள்விக்கு இங்கே கொஞ்சம் விடை வருகிறது என்று நினைத்தேன். இந்த ஆட்களுக்குப் பாடம் தெரியும். ஆகவே எது வந்தது என்பதைவிட எது வரவில்லை என்பது அவர்களுக்குச் சட்டென்று தெரிந்துவிடுகிறது.

வீரபத்திரன் வந்தபோது இரண்டு பேர் அவர் இடுப்புத் துண்டைப் பின்னால் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தார்கள். பிடியை விட்டால் நிஜமாகவே பாய்ந்துவிடுவார் போல. சின்னப் பிள்ளைகள் கம்பளிக்குள் போய்விட்டன. கொழும்பு மேடையில் கோபத்தைக் காட்டக் குரலை ஏற்றுகிறோம். இங்கே கோபம் எவ்வளவு என்பதை, பிடித்து இழுக்கிற இரண்டு பேரின் காலைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மண்ணில் குதிகால் உழுதுகொண்டு போனது.

மூன்று மணியளவில் எரிப்பு. கோயில் கூரையிலிருந்து காமன் கம்பத்துக்குக் கம்பி கட்டி, அதில் வாணம். சிவன் நெற்றிக் கண்ணைத் திறந்தார், வாணம் சீறிக்கொண்டு போய் நடுவழியில் நின்றுவிட்டது. கொழும்பு மண்டபமாக இருந்தால் சிரிப்பு வெடித்திருக்கும். இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு பையன் மூங்கில் தடியால் அதைத் தள்ளித் தள்ளிக் கம்பம்வரை கொண்டுபோனான். வைக்கோலும் வறட்டியும் பிடித்து எரிந்தது. பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார்கள்.

பிறகு ரதி ஒப்பாரி. நல்ல குரல், சுருதி விலகாத குரல். கொப்பியில் ‘குரல் அருமை’ என்று எழுதிவிட்டேன். அந்த நேரம் பாட்டி, யாருக்கும் இல்லாமல், நெருப்பைப் பார்த்துச் சொன்னார்:

“போன வருசம் ரதி அழுதா. இந்த வருசம் பாடுறா.”

பேனை நின்றுவிட்டது. மறுபடி கேட்டேன். ஆமாம். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு மூச்சு இடறும். இவருக்கு இடறவில்லை. ஒவ்வொரு அடியும் முடியவேண்டிய இடத்தில் சரியாக முடிந்து, தப்பு விழுந்து, அடுத்த அடி சுத்தமாக எழும்பியது. ‘அருமை’யை வெட்டினேன். 20 வருடமாக நாடகம் பார்க்கிறவன். ஏழு சொல்லில் ஒரு விமர்சனம் எனக்கு வந்ததில்லை.

ஆறாம் நாள், அதே தோட்டம்

இரண்டு மணித்தியாலம் தூங்கினேன். பீலிக்கரையில் ரதி முகம் கழுவிக்கொண்டிருந்தார். தேங்காயெண்ணெய் தடவித் துணியால் துடைத்தால் ரோஸ் பவுடர் வழிந்து கழுத்துக்குப் போகிறது. கையில் காப்பு அப்படியே. மூன்றாம் நாள் காமன் எழும்பிய பிறகுதான் அவிழ்ப்பார்கள். இருபத்தைந்து வயதிருக்கும். கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலையாம். என் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம்.

“எப்பிடிண்ணே இருந்திச்சி?”

நாக்கு நுனிவரை அந்தப் பழைய சொல் வந்தது. விழுங்கிவிட்டுப் பாட்டி சொன்னதைச் சொன்னேன்.

அவர் துடைக்கிறதை நிறுத்தினார். “கம்பளி போத்துகிட்டு முன்னால இருந்துச்சே, அதா? எங்க அப்பாயிண்ணே. போன வருசம் ஆடுனது எங்க சித்தப்பா.” கொஞ்ச நேரம் எண்ணெய்த் துணியை முறுக்கிக்கொண்டிருந்தார். “மைக் வயரு கால்ல மாட்டிரும்னு அதையே பாத்துகிட்டு இருந்தேன். அப்பறம் எங்க அழுவுறது. அடுத்த வருசம் மைக் வாணாம்னு வாத்தியார்ட்ட சொல்லணும்.”

இன்றைக்கே திரும்பிப் போக வேண்டாமா என்று கேட்டேன். கடையில் லீவு இரண்டு நாள்தான் கொடுத்தார்களாம், நேற்றோடு முடிந்தது.

“காலையில மொதலாளிக்கு போன் பண்ணி இன்னும் மூணு நாள் கேட்டேண்ணே. என்னத்துக்குன்னாரு. வீட்ல ஒரு சாவுன்னேன்.”

“யாருன்னு கேக்கலையா?”

“கேட்டாரு,” என்று காதுக்குப் பின்னால் இருந்த பவுடரைத் துடைத்தார். “ரொம்ப நெருங்குன சொந்தம்னு சொல்லிட்டேன்.”